குழந்தை வாயில் வெள்ளை படிந்தால்… தாய்ப்பாலை நிறுத்தாதீங்க!

(தாய்மார்களுக்கு ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பல வருஷம் வேலை பார்த்தவள் நான். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு அம்மா 40 நாள் குழந்தையோடு வந்தது இன்னும் ஞாபகம் இருக்கு. குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உள்பக்கத்திலும் தயிர் ஒட்டினது மாதிரி வெள்ளை. "உன் பால் பிள்ளைக்கு ஒத்துக்கல" என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம். நாலு நாளாகத் தாய்ப்பாலை நிறுத்திவிட்டுப் புட்டிப்பால் கொடுத்திருக்கிறார்கள். வாயில் தேனும் வசம்பும் தடவியிருக்கிறார்கள். வெள்ளை போகவில்லை. ஆனால் அந்த அம்மாவுக்குப் பால் குறைய ஆரம்பித்துவிட்டது.

அந்த வெள்ளைக்குக் காரணம் தாய்ப்பால் இல்லை. கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்று. பெரியவர்கள் 'அக்கரம்' என்று சொல்லும் வாய்ப்புண்களில் இதுவும் சேரும். இந்தப் பூஞ்சை நம்மில் பெரும்பாலானோர் உடம்பில் கொஞ்சம் இருக்கும். குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால் சுலபமாகப் பெருகிவிடுகிறது. அம்மாவோ குழந்தையோ ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். அம்மா சாப்பிட்ட சாப்பாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

பாலா, பூஞ்சையா?

கையை சோப்புப் போட்டுக் கழுவுங்க. கொதித்து ஆறிய தண்ணீரில் சுத்தமான மெல்லிய துணியை நனைத்து, மெதுவாக ஒரு தடவை துடைத்துப் பாருங்க. பால் என்றால் வந்துவிடும். பூஞ்சை சுலபத்தில் வராது. வந்தாலும் அடியில் சிவந்து இருக்கும். அதற்கு மேல் சுரண்டாதீங்க, ரத்தம் கசியும்.

எதைத் தடவக் கூடாது?

ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டவே வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். மூச்சுக்கே ஆபத்து. வெண்காரம், அது கலந்த கிளிசரின் இவையும் கைக்குழந்தைக்கு விஷம். வசம்பு, மாசிக்காய் உரைத்துத் தேய்ப்பதும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த வைத்தியத்தை அன்போடு அனுப்பியவர் யாராக இருந்தாலும், குழந்தை வாயில் சோதித்துப் பார்க்காதீங்க.

சிகிச்சை இருவருக்கும்

மருத்துவர் பூஞ்சையை அழிக்கும் சொட்டு மருந்தோ, வாயில் பூசும் மருந்தோ எழுதித் தருவார். பெரும்பாலும் பால் குடித்த பிறகு போடச் சொல்வார்கள். வெள்ளை மறைந்ததும் நாமாகவே நிறுத்தக் கூடாது. அவர் சொன்ன நாள்வரை போட வேண்டும். பக்கத்து வீட்டில் மிச்சமிருக்கும் மருந்தை வாங்கிப் போடாதீங்க. சில ஜெல் மருந்துகள் சின்னக் குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

அம்மாவுக்கு மார்புக்காம்பு சிவந்து, அரிப்போ எரிச்சலோ, பால் கொடுத்த பிறகும் குத்துவலியோ இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்க. குழந்தைக்கு மட்டும் மருந்து போட்டால் தொற்று இருவருக்கும் நடுவில் போய்ப் போய் வரும். டயப்பர் போடும் இடம் சிவந்திருந்தால் அதையும் காட்டுங்க.

பாலாடை, சங்கு, புட்டி, சூப்பான் எது பயன்படுத்தினாலும் கழுவி, தண்ணீரில் 10 நிமிஷம் கொதிக்கவிடுங்க. உள்ளாடைகளைத் துவைத்து நல்ல வெயிலில் காயப்போடுங்க.

கையில் இருக்கும் போன் உதவட்டும்

ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் குழந்தையின் வாயைத் தினமும் ஒரு போட்டோ எடுத்து வையுங்க. குறைகிறதா, பரவுகிறதா என்று மருத்துவருக்கே தெளிவாகத் தெரியும். சந்தேகம் கேட்க 104 மருத்துவ உதவி எண் இருக்கிறது. இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே மருத்துவரிடம் கட்டணமில்லாமல் பேசலாம். நேரில் காட்ட உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் போதும். ஸ்ரீரங்கத்தில் அரசு மருத்துவமனை இருக்கு. திருச்சி புத்தூரில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை இருக்கு. 6-வது வாரத் தடுப்பூசிக்கு வரும்போது செவிலியரிடம் வாயையும் காட்டிவிடுங்க. இதற்காகத் தடுப்பூசியைத் தள்ளிப்போட வேண்டாம்.

காத்திருக்கக் கூடாத நேரம்

குழந்தை பால் குடிக்க மறுத்தால், சிறுநீர் குறைந்தால், எழுப்பியும் துவண்டே கிடந்தால், மூன்று மாதத்துக்குள் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு வாங்க. அவசரம் என்றால் 108. குறைமாதத்தில் அல்லது எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு வெள்ளை தெரிந்த அன்றைக்கே காட்டணும். ஒரு வாரம் மருந்து போட்டும் போகவில்லை, போய்த் திரும்பத் திரும்ப வருகிறது என்றாலும் மறுபடி காட்டுங்க.

அந்த ஸ்ரீரங்கத்து அம்மாவுக்கும் குழந்தைக்கும் சேர்த்தே மருந்து கொடுத்தோம். புட்டியை விட்டுவிட்டு, அடிக்கடி மார்பில் போடச் சொன்னோம். குழந்தை சப்பச் சப்பத்தானே பால் ஊறும்! ஒரு வாரத்தில் வாய் சுத்தமாச்சு. பால் பழையபடி வர இன்னும் கொஞ்ச நாள் ஆச்சு. கூட வந்த மாமியார் கடைசியில் மருமகளிடம் சொன்னார்: "தெரியாம சொல்லிட்டேம்மா, நீ குடு."

அந்த வார்த்தையை நம் வீடுகளில் முதல் நாளே சொல்லிவிடுவோமே.