பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டம்



கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டை இருக்கும் நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, பழவேற்காட்டில் டச்சுக்காரரின் பழைய கல்லறைத் தோட்டம் ஒன்று உண்டு. 1613-ல் கெல்டிரியா கோட்டையை எழுப்பித் துணி வியாபாரம் செய்தவர்கள் அவர்கள். வாசலில் கல்லில் செதுக்கிய இரண்டு எலும்புக்கூடுகள், மரணம் யாரையும் விடாது என்று நமக்கு நினைப்பூட்டுகின்றன. உள்ளே பெயரும் குடும்பச் சின்னமும் கருங்கல்லில் அழகாய்ப் பொறிக்கப்பட்டுள்ளன. 1825-ல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. இன்று பூ வைக்க உறவினர் இல்லை. தொல்லியல் துறையே காவல்.

ஆனால் 17-ம் நூற்றாண்டில், பஞ்சத்தில் விலைபோன நம் மக்கள் ஆயிரக்கணக்கில் இதே கரையிலிருந்து அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. பெயர் பொறிக்கப்பட்டவர்களையும் பொறிக்கப்படாதவர்களையும் நாம் சேர்த்தே நினைப்போமாக.