கலிங்கலுக்குக் கீழே வாய்க்கால் உண்டா?



மைக்ரோகன்ட்ரோலரின் உள்ளீட்டுப் பின்னை மிகை மின்னழுத்தத்திலிருந்து காப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். இரும்பை ஏரியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஏரிக்கு மதகு உண்டு, கலிங்கலும் உண்டு. மதகு அளந்து விடும். மிஞ்சிய நீர் கலிங்கல் வழியே போகும். நம்ம சர்க்யூட்டிலும் அதே கதைதான். பின்னுக்கு முன்னால் போடும் ரெசிஸ்டர் மதகு. பின்னிலிருந்து 5 வோல்ட் சப்ளைக்குப் போகும் டயோடு கலிங்கல்.

இது எதற்கு என்கிறீர்களா? மரக்காணம் உப்பளத்தில் ஒரு பம்புக்கு கன்ட்ரோல் போர்டு வைப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கனெக்டர் மேல் உப்பு படியும். இரவுப் பனியில் ஈரமாகி மின்சாரம் கடத்தும். பக்கத்து முனையின் 24 வோல்ட், ஒயரே இல்லாமல் உள்ளீட்டுக்கு வந்துவிடும். ஏடிமெகா 328 சிப்பின் பின்னோ, சப்ளைக்கு மேல் அரை வோல்ட்தான் தாங்கும். பின் செத்தால் நீர்மட்டம் தெரியாது, பம்பு நிற்காது. விளைந்த பாத்தியில் புது நீர் ஏறி உப்பு கரையும். பல நாள் உழைப்பு ஒரே ராத்திரியில் போய்விடும்.

10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால், 24 வோல்ட் வந்தாலும் மின்னோட்டம் 2 மில்லி ஆம்பியருக்குள் அடங்கும். "சிப்புக்குள்ளேயே டயோடு இருக்கிறதே" என்பீர்கள். அதில் 1 மில்லி ஆம்பியருக்கு மேல் விட வேண்டாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பே சொல்கிறது. ஆகவே வெளியே ஒரு ஷாட்கி டயோடு போடுங்கள். அது சுமார் 0.3 வோல்ட்டிலேயே கடத்தத் தொடங்கிவிடும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறோம். கலிங்கலில் வழிந்த தண்ணீருக்கு வாய்க்கால் வேண்டாமா? இந்தப் பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிகைநீருக்குக் கழுவெளி இருக்கிறது, அங்கிருந்து கடல். நம்ம போர்டில்? 7805 ரெகுலேட்டர் மின்னோட்டத்தைக் கொடுக்குமே தவிர, திரும்ப வாங்கிக்கொள்ளாது. எட்டு உள்ளீட்டிலும் 24 வோல்ட் ஏறினால் சுமார் 15 மில்லி ஆம்பியர் சப்ளைக்குள் வரும். சிப் தூக்க நிலையில் இருந்தால் அதைச் செலவழிக்க ஆளில்லை. 5 வோல்ட், 6-ஐத் தாண்டும். ஒரு பின்னைக் காப்பாற்றப் போய் மொத்த போர்டையும் இழப்போம். சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 5.6 வோல்ட் ஜீனர் ஒன்று போடுங்கள். அதுதான் வாய்க்கால்.

மின்னலுக்கு இது போதாது. நீண்ட ஒயர் போர்டுக்குள் நுழையும் இடத்திலேயே தனிக் காப்பு வேண்டும்.

தம்பி தங்கைகளே, ப்ராஜெக்டில் டயோடு போட்டதும் வேலை முடிந்தது என்று எழுந்துவிடாதீர்கள். அந்த மின்னோட்டம் போகும் வழியைச் சர்க்யூட் படத்தில் விரல் வைத்து, கிரவுண்டு வரை பாருங்கள். வழியில் விரல் நின்றுவிட்டால், வாய்க்காலை இன்னும் வெட்டவில்லை என்று அர்த்தம்.