பள்ளிக்கூடப் பஸ்ஸும் மில் வேனும்

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



காலை ஏழு மணிக்கு அன்னூர்ப் பக்கமோ, பல்லடம் பக்கமோ, சூலூர்ப் பக்கமோ ஏதாவதொரு கிராமத்துத் தார் ரோட்டு முனையில் போய் நின்று பாருங்கள். முதலில் ஒரு வேன் வரும். அது மில் வேன். ஷிப்ட்டுக்கு ஆள் ஏற்ற வந்தது. ஊருக்குள் நுழைந்து, தெருத் தெருவாகத் திரும்பி, ஹாரன் அடித்து, ஆள் வரும் வரை நிற்கும். அடுத்து மஞ்சள் நிற வண்டி வரும். அது தனியார் பள்ளிக்கூட வண்டி. பணம் கட்டியவர் வீட்டு வாசலில் நின்று குழந்தையை ஏற்றிக்கொண்டு போகும்.

மூன்றாவதாக வர வேண்டியது நம் பிள்ளைகள் சர்க்கார் பள்ளிக்குப் போகும் டவுன் பஸ். அதற்காக இருபது முப்பது பிள்ளைகள் புத்தகப் பையோடு நிற்கிறார்கள். வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. வந்தாலும் நிற்குமா என்பது சந்தேகம். நின்றாலும் ஏற இடம் இருக்குமா என்பது இன்னொரு சந்தேகம்.

இந்த மூன்று வண்டிகளைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். பஸ் பாஸ் யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை, எந்த வண்டியில் செல்லும், எந்த வண்டியில் செல்லாது என்ற விதிகள் சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் நம் வீட்டுப் பிள்ளை பத்தாவது வகுப்பை எட்டிப் பார்ப்பதும் பார்க்காததும் பல சமயங்களில் இந்தச் சின்ன விஷயத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

வந்த வழி

இந்தச் சலுகை வானத்திலிருந்து விழவில்லை. 1953-ல் சென்னை ராஜ்யத்தில் ஒரு கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துப் பிள்ளை மூன்று மணி நேரம் பள்ளியில் இருந்தால் போதும், மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்றுக்கொள்ளட்டும் என்றார்கள். குலக்கல்வித் திட்டம் என்று ஜனங்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள். தமிழ்நாடே எதிர்த்து நின்றது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானார். அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அன்று கல்வி மந்திரியாக இருந்து அதை வாபஸ் வாங்கியவர் நம் கொங்கு நாட்டுக்காரரான சி. சுப்பிரமணியம். பிறகு ஊர் ஊராகப் பள்ளிகள் திறந்தன. மதிய உணவு வந்தது.

பள்ளி வந்துவிட்டது, பள்ளிக்குப் போக வண்டி வேண்டுமே? 1972-ல் பஸ்கள் தேசியமயமானபோது இங்கே சேரன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. சர்க்கார் கையில் பஸ் இருந்ததால்தான், பிற்பாடு மாணவர்களுக்கு இலவசப் பாஸ் கொடுக்க முடிந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்கள் ஒன்றாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை காசில்லாமல் போகலாம் என்ற ஏற்பாடு வந்தது. 2021 மே 8 முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்கள் எல்லோருக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தது. அதனால் பெண் பிள்ளைகளுக்கு அந்த வண்டிகளில் பாஸ் கேட்கும் தொல்லையும் தீர்ந்தது. இவை நல்ல காரியங்கள். நல்லது என்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

அதே சமயம் 2018 ஜனவரியையும் மறக்கக் கூடாது. அந்த மாதம் 20-ந்தேதி பஸ் கட்டணம் ஒரே அடியாக உயர்ந்தது. கோவையிலும் தமிழகம் முழுவதும் மாணவர்கள் வகுப்பை விட்டு வீதிக்கு வந்தார்கள். மாதம் முடிவதற்குள் சர்க்கார் கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தது. குறைத்தது கொஞ்சம்தான். ஆனாலும் கேட்காமல் அந்தக் கொஞ்சமும் வந்திருக்காது.

அட்டை ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம்

இப்போது பாஸ் அட்டையைக் கையில் எடுத்துப் பார்ப்போம். அதில் மாணவன் பெயர் இருக்கிறது. எங்கிருந்து எங்கே என்று எழுதியிருக்கிறது. ஆனால் அது சர்க்கார் பஸ்ஸில்தான் செல்லும். அதுவும் சாதாரணக் கட்டண வண்டியில்தான் செல்லும்.

கோவை மாவட்டத்தில் தனியார் பஸ் எத்தனை ஓடுகிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சில வழித்தடங்களில் பள்ளி நேரத்துக்கு வருவது தனியார் பஸ் ஒன்றுதான். அங்கே நம் பிள்ளையின் பாஸ் வெறும் அட்டை. போக பத்து ரூபாய், வர பத்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகள் என்றால் நாளைக்கு நாற்பது. மாதம் இருபத்திரண்டு பள்ளி நாள் என்றால் 880 ரூபாய். காட்டு வேலைக்குப் போகும் தாய் எத்தனை நாள் குனிந்து களை எடுத்தால் அந்தத் தொகை கிடைக்கும்? கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். இலவசம் என்று காகிதத்தில் இருப்பதற்கு அவள் கொடுக்கும் விலை அது.

இன்னொன்று. வருஷா வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. பாஸ் அதோடு வருவதில்லை. புதுப் பாஸ் வரும் வரை சீருடையோடு வந்தால் ஏற்றிக்கொள்ளுங்கள், பழைய பாஸைக் காட்டினால் விடுங்கள் என்று உத்தரவு போடுகிறார்கள். சரிதான். ஆனால் ஆறாம் வகுப்புக்குப் புதுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைக்குப் பழைய பாஸ் ஏது? சீருடை தைத்து வராத பிள்ளை என்ன செய்யும்? ஆலை மாறினால் வீடு மாறும் தொழிலாளி, தோட்டம் மாறினால் சாளை மாறும் பண்ணையாள்: இவர்கள் பிள்ளைகளின் அட்டையில் எழுதிய ஊர் ஒன்று, குடியிருக்கும் ஊர் இன்னொன்று. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஒரிஸாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகள் நிலை இதைவிட மோசம்.

எங்கிருந்து அளப்பது?

2010-ல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள், எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள் என்று விதிகள் தூரம் வகுத்திருக்கின்றன. அப்படிப் பள்ளி இல்லாத குக்கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவச வண்டியோ தங்கும் வசதியோ சர்க்கார் செய்துதர வேண்டும் என்றும் மத்திய சர்க்காரின் மாதிரி விதிகள் கூறுகின்றன.

ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரை எங்கிருந்து அளப்பது? நம் கொங்கு நாட்டில் விவசாயத் தொழிலாளி ஊருக்கு நடுவிலா குடியிருக்கிறான்? தோட்டத்துச் சாளையில் இருக்கிறான். சாளையிலிருந்து இட்டேரி வழியாக நடந்து, வாய்க்கால் தாண்டி, ஊரை எட்டுவதே ஒரு நடை. காகிதத்தில் பள்ளிக்கும் ஊருக்கும் உள்ள தூரம் வேறு. குழந்தையின் கால் அளக்கும் தூரம் வேறு. மழைக்காலத்தில் இட்டேரி முழுக்கச் சேறு. மாலை ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து வரும் பெண் பிள்ளைக்கு அந்த இருட்டு வழி இரண்டு மடங்கு நீளம்.

வால்பாறைக்குப் போய்ப் பாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறித்தான் அங்கே போக வேண்டும். எஸ்டேட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவே தேயிலைக் காடு. 2025-ல் அங்கே சிறுத்தை தாக்கி வடமாநிலத் தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகள் மாண்டார்கள். லைன் வீட்டு வாசலிலேயே பாதுகாப்பில்லாத இடத்தில், பள்ளிக்கு ஒரு கிலோமீட்டர் நடக்கலாம் என்று யார் சொல்ல முடியும்? வழியில் ஆபத்து இருந்தால் தூர வரம்பைக் குறைக்க வேண்டும் என்று அதே மாதிரி விதிகளில் இருக்கிறது. மலைப் பகுதிப் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணத்தை நீட்டிப்பதாக 2024-25 பட்ஜெட்டில் தமிழக சர்க்கார் அறிவித்தபோது வால்பாறையையும் சேர்த்தது. வரவேற்கிறோம். பையன்களையும் பள்ளி நேரத்து வண்டியையும் சேர்த்துக் கேட்கிறோம்.

பதினான்கு வயசு

தோழர்களே, இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினான்கு வயது வரைதான். எட்டாம் வகுப்போடு அந்த உரிமை நின்றுவிடுகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு உயர்நிலைப் பள்ளி தூரத்தில் இருக்கும். பஸ் அப்போதுதான் அதிகம் தேவை. சர்க்கார் சைக்கிளோ பதினொன்றாம் வகுப்பில்தான் கைக்கு வருகிறது. நடுவில் இருக்கும் இரண்டு வருஷத்தை யார் தாங்குவது?

அதே பதினான்கு வயதில் இன்னொரு சட்டம் குறுக்கே வருகிறது. 2016-ல் திருத்திய குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி, பதினான்கு நிரம்பியவரை அபாயமில்லாத வேலையில் வைக்கலாம். பள்ளிக்குப் போகும் உரிமை தீர்கிற அன்றே வேலைக்குப் போகும் அனுமதி தொடங்குகிறது! கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் இளம் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் அடைத்து வைத்த கதை உங்களுக்குத் தெரியும். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று ஆசை காட்டினார்கள். புரோக்கர் எந்த வீட்டுக்குப் போனான்? பள்ளியை விட்டு நின்ற பெண் இருந்த வீட்டுக்குப் போனான்.

“ஏனுங்க, பஸ்ஸு சரியா வரமாட்டேங்குது, பொட்டப் புள்ளைய எத்தன நாளைக்கு ரோட்டுல நிறுத்தறது?” என்று ஒரு தாய் சொல்கிறாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் வராது. 1953-ல் உத்தரவு போட்டுச் செய்ய முடியாமல் போனதை இன்று உத்தரவில்லாமலே செய்துவிடலாம். ஒரு ட்ரிப்பை நிறுத்தினால் போதும். அப்பன் தொழில் பிள்ளைக்கு வந்து சேர்ந்துவிடும்.

கண்டக்டர் எதிரி அல்ல

படிக்கட்டில் தொங்கும் பையன்களைப் பொறுக்கிகள் என்று ஏசுகிறார்கள். விளையாட்டுக்குத் தொங்குபவன் உண்டு, கண்டிக்க வேண்டியதுதான். ஆனால் இரண்டு வண்டி ஓட வேண்டிய நேரத்தில் ஒரு வண்டி ஓடினால், உள்ளே இடமில்லாதவன் எங்கே நிற்பான்?

பிள்ளைகளைப் பார்த்ததும் நிறுத்தாமல் போகும் டிரைவர் மீது நமக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம். ஆனால் அவரும் தொழிலாளி. பழைய வண்டி, ஆள் பற்றாக்குறை, வசூல் எங்கே என்ற கேள்வி: இவ்வளவும் அவர் தலையில். பாஸ் பயணத்துக்கான பணத்தைக் கழகத்துக்குக் கொடுக்க வேண்டியது சர்க்கார். அது முழுசாக, காலத்தில் போய்ச் சேர வேண்டும். தொழிலாளி வீட்டுப் பிள்ளையும் போக்குவரத்துத் தொழிலாளியும் ஒரு படிக்கட்டில் சண்டை போட்டுக்கொள்வதால் லாபம் வேறு யாருக்கோ.

மத்திய சர்க்காரும் கை கழுவ முடியாது. தூரத்துப் பிள்ளைகளுக்கு வண்டிச் செலவு தருவது ‘சமக்ர சிக்ஷா’ திட்டத்தில்தான் இருக்கிறது. 2024-25-க்கு அத்திட்டத்தில் தமிழ்நாட்டுக்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை, புதிய கல்விக் கொள்கையை ஏற்காததற்காக நிறுத்தி வைத்தார்கள். தமிழக சர்க்கார் 2025-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போக நேர்ந்தது. டில்லியில் நடக்கும் தகராறுக்கு இட்டேரியில் நடக்கும் குழந்தையா அபராதம் கட்டுவது?

சலுகையா, சட்டமா?

இங்கிலாந்து முதலாளித்துவ நாடு. அங்கேயும் 1944-ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் நடைதூரத்தைச் சட்டத்திலேயே எழுதியது: எட்டு வயதுக்குட்பட்டவருக்கு இரண்டு மைல், அதற்கு மேற்பட்டவருக்கு மூன்று மைல். அதைத் தாண்டினால் வண்டி விடும் பொறுப்பு ஸ்தல ஸ்தாபனத்துக்கு. பிற்பாடு, நடக்கும் வழி ஆபத்தானதென்றால் தூரம் குறைவானாலும் வண்டி என்றும், 2006-ல் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கூடுதல் உரிமை என்றும் சேர்த்தார்கள். ஆனால் பதினாறு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தந்தது பெரும்பாலும் சலுகை. பணமில்லை என்றதும் பல கவுன்சில்கள் முதலில் கை வைத்தது அந்தச் சலுகையில்தான். சட்டத்தில் இருந்தது நின்றது. சலுகையில் இருந்தது போயிற்று. நம் பஸ் பாஸ் இன்று சர்க்கார் உத்தரவில் நிற்கிறது. அதைச் சட்டத்தில் ஏற்ற வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கைகள் இவை:

பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளிக்குப் போக வண்டி என்பது சட்டப்படியான உரிமையாக வேண்டும்.

தூரத்தை ஊரிலிருந்து அளக்காமல் குழந்தையின் வீட்டிலிருந்து அளக்க வேண்டும்.

பள்ளி மணிக்கு ஏற்றபடி காலையும் மாலையும் ட்ரிப் நிச்சயமாக ஓட வேண்டும்.

தனியார் பஸ் மட்டும் ஓடும் தடத்தில் பாஸ் அதிலும் செல்ல வேண்டும். செலவைச் சர்க்கார் ஏற்க வேண்டும்.

பள்ளி திறக்கும் அன்றே பாஸ் கைக்கு வர வேண்டும். வீடு மாறினால் வழி மாற்றித் தர வேண்டும்.

செய்ய வேண்டியது

இதைக் கைதட்டிக் கேட்டுவிட்டுப் போனால் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. சட்டப்படி அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அந்த நாற்காலிகள் நமக்கு உரியவை, போய் உட்காருங்கள். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறது, பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை நாள் வரவில்லை என்று ஒரு நோட்டில் ஒரு மாதம் எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் பிள்ளையையே எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டோடு கிராம சபைக்குப் போங்கள். மே தினத்தன்றும் கிராம சபை கூடுகிறது. அன்று இதைவிடப் பொருத்தமான தீர்மானம் வேறென்ன? பிறகு பஸ் டெப்போவுக்கும், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசுக்கும் அதே நோட்டைக் கொண்டு போங்கள். ஒருவராகப் போகாதீர்கள், தடத்தில் உள்ள எல்லா ஊரும் சேர்ந்து போங்கள். மில் தொழிலாளியும் பண்ணையாளும் போக்குவரத்துத் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடட்டும்.

மில் வேன் நம் வாசலுக்கு வருகிறது. நம் உழைப்பு அதற்கு வேண்டும், அதனால் வருகிறது. நம் பிள்ளையின் படிப்பு இந்த நாட்டுக்கு வேண்டுமா, வேண்டாமா? வேண்டுமென்றால், காலை ஏழரை மணிக்கு அந்த ரோட்டு முனையில் ஒரு பஸ் வந்து நிற்க வேண்டும். அது வந்து நிற்கும் வரை நாமும் நிற்போம்.