அந்த நாலு பேர் யார்?



ஊர்ப்பேச்சைப் பற்றிப் பேச மதுரை பொருத்தமான ஊர்தான். ஊருக்குள் முணுமுணுப்பாகப் புழங்குவதை அம்பல் என்றும், பலரறியப் பரவிவிட்டால் அலர் என்றும் பிரித்துப் பெயர் வைத்தது நம் அக இலக்கியம். திருக்குறளில் அலருக்கென்றே தனி அதிகாரம் இருக்கிறது. தலையாலங்கானத்தில் நெடுஞ்செழியன் வென்றபோது வீரர்கள் எழுப்பிய ஆரவாரத்தைவிட ஊர் தூற்றும் அலர் பெரிது என்று அகநானூற்றில் மதுரை நக்கீரர் பாடியிருக்கிறார். வகுப்பறையில் இதையெல்லாம் ரசித்துப் படித்தேன். ஆய்வுக்காக மேலூர்ப் பக்கம் ஊர் ஊராகப் போகத் தொடங்கிய பிறகு அந்த ரசனை போய்விட்டது.

அங்கே பெண்களிடம் எதைக் கேட்டாலும் கடைசியில் ஒரே பதில்தான். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" ஒருநாள் ஓர் அக்காவிடம், "அந்த நாலு பேர் யாருக்கா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். பிறகு விரல் விட்டு எண்ணினார். விசேஷத்துக்கு மொய் எழுத வருகிறவர்கள், பொண்ணு கேட்டு வருகிறவர்கள், பங்காளிகள், சாவு விழுந்தால் பாடை தூக்க வருகிறவர்கள்.

அன்றிலிருந்து எல்லோரிடமும் இதைக் கேட்கிறேன். 'வெட்கம், மானம்' என்று நாம் சொல்வதற்குப் பின்னால் ஒரு கணக்கு நோட்டு இருக்கிறது. பேச்சு கிளம்பினால் செய்முறை நிற்கும். தங்கைக்கு மாப்பிள்ளை வராது. அவசரத்துக்குக் கைமாற்று கிடைக்காது. அந்த அக்காவின் பயம் மூடத்தனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் ஒன்று. ஆதிக்கச் சாதித் தெருக்களில் நான் கேட்ட எந்த வீட்டிலும், அந்த நாலு பேரில் ஒருவராகக் காலனியில் இருந்து யாரும் வந்ததில்லை. நாலு பேர் என்றால் சொந்தச் சாதி. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் அகமணத்தைச் சாதியின் அடிப்படை என்று காட்டினார். அந்த வேலிக்குச் சம்பளம் இல்லாத காவல்காரர் இந்தப் புறணிதான். திண்ணையில் உட்கார்ந்தே வேலை முடிந்துவிடும்.

இப்போது என் கதை. நானும் அந்தத் தெருக்களில் ஒன்றில் பிறந்தவள்தான். என்னோடு ஆய்வு செய்யும் நண்பன் ஒருவன், தலித். கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் படித்துவிட்டு அவன் பைக்கில் கிளம்புவேன். ஒத்தக்கடையில் இறங்கி, அங்கிருந்து ஊருக்குப் பஸ் ஏறுவேன். இரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. நான் ஏதோ சாமர்த்தியமாக நடந்துகொள்வதாக நினைத்திருந்தேன். ஒரு மழை நாளில், "இன்னிக்கு ஊர் வரைக்கும் விட்டுர்றியா?" என்று கேட்டேன். அவன் வண்டியை ஓரங்கட்டினான். "நீ இறங்கினதோட உன் பயம் முடிஞ்சிரும். நான் திரும்பி வீடு போய்ச் சேர்ற வரைக்கும் கண்ணாடியையே பாத்துக்கிட்டுப் போறேன், தெரியுமா?" என்றான்.

எனக்குத் தெரியாது. இரண்டு வருடத்தில் ஒருநாளும் நான் அதை யோசிக்கவில்லை.

அவன் என்ன சொல்கிறான் என்பதற்குக் கோகுல்ராஜ் வழக்கைத் தாண்டி விளக்கம் வேண்டாம். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோவிலில் உடன்படித்த பெண்ணோடு பேசிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். கடத்திக்கொண்டு போனார்கள். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. நாமக்கல்லில் இருந்து வழக்கு இங்கே மதுரைக்கு மாற்றப்பட்டது. 2022 மார்ச்சில் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்த இடத்துக்கு வந்து சேர, அவருடைய அம்மா சித்ரா ஏழு வருடம் போராட வேண்டியிருந்தது.

அந்தப் பெண் விசாரணையில் பிறழ்சாட்சி ஆனார். மேல்முறையீட்டின்போது, 2022 நவம்பரில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவரை நேரில் அழைத்து, கோவில் கண்காணிப்புக் கேமராப் பதிவை ஓட்டிக் காட்டியது. அதில் இருப்பது தான் இல்லை என்றார்.

நம் தோழர்கள் பலர் அவரைக் கடுமையாகத் திட்டினார்கள். எனக்கும் கோபம்தான், ஓர் அம்மாவுக்கு அந்தச் சாட்சியம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! ஆனால் திட்ட வாயெடுத்தால் ஒத்தக்கடை ஞாபகம் வருகிறது. அவன் பைக்கில் இருந்து இறங்கி, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்ஸை நோக்கி நடக்கிறேனே, நானும் அங்கே 'அது நான் இல்லை' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"இனிமே ஊர் வரைக்கும் வர்றேன், யார் என்ன பேசினாலும் சரி" என்று வீராப்பாகச் சொல்லிப் பார்த்தேன். அவன் வேண்டாம் என்றுவிட்டான். என் துணிச்சலுக்கு விலை கொடுக்கப் போகிறவன் அவன் என்பதால், முடிவும் அவனுடையதுதான். இப்போதும் ஒத்தக்கடையில்தான் இறங்குகிறேன்.

போன வாரம் அம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவன் பெயர், ஊர், எந்தத் தெரு, எல்லாம். காதல் கீதல் ஒன்றும் இல்லை, நண்பன், ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட வேண்டும் என்றேன். அம்மா அடுப்பைக் குறைத்தார். எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்து, மெதுவாகக் கேட்டார்: "இத வேற யார்ட்டயாச்சும் சொன்னியா?"