ஓய்வு நேரமும் உள்ளம் கவர்ந்த வீரரும்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை)

 

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தூரம் வளைந்து வளைந்து ஏறும் மலைச்சாலையில் வந்து இம்மண்டபத்தை அடைந்தோம். வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இப்பகுதிக்கு வந்தது 1885ஆம் ஆண்டில். பின்னர் 1929இல் போ தேயிலைத் தோட்டமும், 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தொடங்கப்பெற்றன. காட்டைத் திருத்திக் கொழுந்து வளர்த்த நம் முன்னோரின் உழைப்பைப் பற்றிப் பல மேடைகளில் பேசியிருக்கிறோம். இன்று உழைப்பைப் பற்றிப் பேச வரவில்லை. உழைப்பு முடிந்த பிறகு எஞ்சும் நேரத்தைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறோம்.

வேலை நேரம் பிறருக்கு உரியது. அதற்குக் கூலி உண்டு. ஓய்வு நேரமோ முழுக்க முழுக்க நமக்கே உரியது. அந்த நேரத்தில் ஒருவர் எதை விரும்பிச் செய்கிறாரோ, அதுவே அவர் யார் என்பதைக் காட்டும். அதைத்தான் பொழுதுபோக்குக் கலை என்கிறோம். பொழுதைப் போக்குவது வேறு, பொழுதை ஆக்குவது வேறு. திண்ணையில் அமர்ந்து கைப்பேசியைத் தடவிக்கொண்டே இரவு பதினொரு மணியாக்குவது முன்னது. ஒரு பொருளைச் செய்வதோ, ஒரு கருவியை வாசிக்கக் கற்பதோ, ஒரு செடியை வளர்ப்பதோ பின்னது.

"இதெல்லாம் பணக்காரர்களுக்கு உரியது அல்லவா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு விளையாட்டு விமானத்தின் கதையைக் கூற விரும்புகிறோம். ரப்பர்த் தோட்டத்து உறவினர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். ஏனெனில், இது ரப்பரின் கதையும் ஆகும்.

பிரான்சு நாட்டில் அல்ஃபோன்சு பெனோ என்னும் இளைஞர், 1871ஆம் ஆண்டில், முறுக்கிய ரப்பர் நாடாவின் விசையால் சுழலும் சிறு விமானம் ஒன்றைச் செய்து பாரிசு நகரப் பூங்காவில் பறக்கவிட்டார். அது 11 வினாடிகள் பறந்தது. 1877இல் சிங்கப்பூருக்கு 22 ரப்பர்க் கன்றுகள் வந்து சேர்ந்தன. அவற்றின் வழியில் வந்த மரங்களே பின்னாளில் நம் வாழ்வாயின. அதற்கு அடுத்த ஆண்டு, 1878இல், அமெரிக்காவில் ஒரு தந்தை தம் இரு மகன்களுக்கு ஒரு விளையாட்டுப் பொருளை வாங்கி வந்தார். தக்கை, மூங்கில், காகிதம் ஆகியவற்றால் ஆகி, ரப்பர் நாடாவால் மேலெழும்பும் அப்பொருள், பெனோவின் அமைப்பைத் தழுவியது. மூத்தவனுக்கு வயது 11, இளையவனுக்கு 7. பொம்மை உடைந்ததும் அதைப்போலவே தாமும் செய்தார்கள். பெரிதாகச் செய்தபோது பறக்கவில்லை. ஏன் பறக்கவில்லை என்ற கேள்வி மட்டும் அவர்கள் உள்ளத்தில் தங்கிற்று.

அவர்கள்தாம் ரைட் சகோதரர்கள். கல்லூரிப் பட்டம் பெறாதவர்கள். மிதிவண்டி செய்தும் பழுதுபார்த்தும் பிழைத்தவர்கள். 1903ஆம் ஆண்டு டிசம்பர் 17ஆம் நாள், மனிதனைச் சுமந்த அவர்களது இயந்திர விமானம் 12 வினாடிகள், 120 அடி தூரம் பறந்தது. ஒரு சிறு பொம்மையும் அதை ஏளனம் செய்யாத ஒரு தந்தையும் அந்த 12 வினாடிகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள்.

இன்றும் மாதிரி விமானம் செய்வோர் இயற்கை ரப்பர் நாடாவையே நாடுகின்றனர். அதில் ஆமணக்கெண்ணெய் போன்றதொரு வழுக்குப் பொருளைத் தடவினால் அறுந்துபோகாமல் கூடுதல் முறை முறுக்கலாம். இறக்கைகள் இரண்டும் நுனியில் சற்று மேல்நோக்கி இருத்தல் வேண்டும். அப்போதுதான் விமானம் ஒருபுறம் சாய்ந்தாலும் தானே நிமிரும். மூக்குப் பக்கம் சிறிது கனமாக இருத்தல் நன்று. மூங்கில் சிம்பும் பட்டக் காகிதமும் போதும். செலவு சில வெள்ளிகளைத் தாண்டாது.

இனி, இசைக்கு வருவோம். கித்தாரைத் தோளில் மாட்டிய இளைஞனைக் கண்டாலே முகம் சுளிக்கும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. பண்ணைப்புரம் என்ற சிற்றூரில் 1943இல் பிறந்த இளையராஜா, தம் அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகச் சென்று வாசித்தே இசையை அறிந்தார். சென்னைக்குச் சென்ற பின்னரும், கற்றது போதும் என்று இருந்துவிடவில்லை; தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக அமர்ந்து மேற்கத்திய இசையையும் கித்தாரையும் முறைப்படி பயின்றார். 1976இல் 'அன்னக்கிளி' வெளிவந்தபோது அவர் ஒரே நாளில் புகழ் பெற்றதாக உலகம் எண்ணியது. அந்த ஒரு நாளுக்குப் பின்னால் எத்தனை ஆண்டுகளின் மாலைப் பொழுதுகள் இருந்தன என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இவ்விடத்தில் வீரர் வழிபாட்டைப் பற்றி ஒரு சொல். நம் வீட்டுச் சுவர்களில் நடிகர்களின் படங்கள் தொங்குகின்றன. அதில் தவறில்லை. ஆனால், படத்தைப் பார்ப்பதோடு நின்றுவிட்டால் வீரர் சுவரிலேயே இருந்துவிடுவார். அவர் செய்த முயற்சியில் ஒரு பங்கை நாமும் செய்தால்தான் அவர் நம்மிடம் வந்து சேருவார்.

வீரர்களைத் தேடித் தொலைதூரம் செல்லவும் வேண்டியதில்லை. இம்மலையின் அடிவாரமான தாப்பாவில் பிறந்தவர் எம். இராஜமணி. 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றார். அதே போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என மூன்று தங்கங்களை வென்றவர் மணி ஜெகதீசன். அவர் ஓடிக்கொண்டே படித்து மருத்துவரும் ஆனார். விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்போருக்கு அவரே விடை. 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள், 8,848 மீட்டர் உயர எவரெஸ்ட்டின் உச்சியில் மலேசியக் கொடியை முதன்முதலாக ஏற்றியவர்கள் எம். மகேந்திரனும் என். மோகனதாசும். நீங்கள் நாள்தோறும் காணும் பிரிஞ்சாங் மலை 2,031 மீட்டர். அதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட உயரத்தில் நம்மைப் போன்ற பெயருடைய இருவர் நின்றார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பெற்றோர்களே, எங்கள் வாழ்வில் நடந்த ஒன்றை உங்கள்முன் வைக்கிறோம். எங்கள் இளமை ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் கழிந்தது. ஒன்பது வயதில் மூங்கிலும் காகிதமும் கொண்டு ஒரு விமானம் செய்தோம். அன்று கணக்கில் மதிப்பெண் குறைந்த அட்டையும் வீடு வந்தது. பால்மரக் காட்டிலிருந்து களைத்துத் திரும்பிய தந்தையார், அட்டையைப் பார்த்தார். விமானத்தை மிதித்து நொறுக்கினார். மூன்று நாள் நாங்கள் அவரோடு பேசவில்லை. நான்காம் நாள் தாயார் தனியே அழைத்துச் சொன்னார்: "உன் அப்பா சின்ன வயதில் கோயிலில் மத்தளம் வாசித்தவர். சோறு போடாத வேலை என்று உன் தாத்தா அதை விற்றுவிட்டார். அதற்குப் பிறகு திருவிழாவில் மேளம் கேட்கிற பக்கமே அவர் போவதில்லை."

அன்று மாலை தந்தையார் ஒரு மூங்கிலைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்தார். தாமே கத்தியால் மெல்லிய சிம்புகளாகச் சீவினார். "கணக்கை முடித்துவிட்டுச் செய்" என்று மட்டும் கூறினார். அந்த இரண்டாம் விமானம் பத்தடி தூரம்கூடப் பறக்கவில்லை. ஆயினும், கணக்கை ஒருநாளும் விட்டுவைக்காத பழக்கம் எங்களுக்கு அன்று தொடங்கியது.

ஆகவே, இளைஞர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இது. கலையைக் கடமைக்குப் போட்டியாக்காதீர்கள். கடமை முடித்த கையோடு அதைத் தொடங்குங்கள். கடன் வாங்கிக் கருவி வாங்காதீர்கள். பத்துப் பேர் மன்றமாகச் சேர்ந்தால் ஒரு கித்தாரைப் பொதுவில் வாங்கி, முறைவைத்துப் பயிலலாம். முன்பே கற்றவர் மற்றவருக்கு ஆசான் ஆகலாம்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகன் பந்தாடச் செல்லும் அதே மாலையில் மகள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தால், அவளுக்கு ஓய்வு நேரம் என்று ஒன்று எங்கே இருக்கிறது? கொழுந்துக் காட்டிலும் பால்மரக் காட்டிலும் உழைத்துவிட்டு வீட்டிலும் உழைக்கும் தாய்மாருக்கு அது எப்போது கிடைத்தது? வீட்டு வேலையை ஆண் பிள்ளைகளும் பகிர்ந்துகொண்டால், நம் லயத்திலிருந்தும் ஓர் இராஜமணி புறப்படக்கூடும். புறப்படாவிட்டாலும், தனக்கென்று ஒரு மணி நேரமுள்ள பெண் ஒருத்தி அந்த வீட்டில் இருப்பாள். அதுவே பெரும் பேறு.

எல்லா விமானமும் பறப்பதில்லை. எல்லாரும் தங்கம் வெல்வதுமில்லை. ஆயினும், இன்று மாலை வீடு திரும்பியதும் உங்கள் பிள்ளையை அருகழைத்து, "உனக்கு என்ன செய்யப் பிடிக்கும்?" என்று ஒருமுறை கேளுங்கள். பிறகு அதே கேள்வியை உங்களையும் கேட்டுக்கொள்ளுங்கள்.