மை எல்லா எழுத்துக்கும் எட்டவேண்டும்

(நம் பங்கின் பொன்விழா மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)

 

மேடைக்கு வலப்புறத்தில் ஓர் இரும்பு இயந்திரம் நிற்பதை எல்லாரும் பார்த்தீர்கள். பங்கு இல்லத்தின் பின்கட்டில் பல ஆண்டுகளாகச் சாக்கு மூடிக் கிடந்த டிரெடில் அது. நம் இளைஞர் சங்கத்தார் அதைத் தூசி தட்டி, எண்ணெய் இட்டு, பொன்விழாக் கண்காட்சிக்கென்று வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். திருவிழா நோட்டீசும், ஞாயிறு அறிக்கையும், திருமண ஓலையும், இறப்புச் செய்தியும் ஒரு காலத்தில் இதில்தான் அச்சாயின. இரண்டு நாட்களாகக் குழந்தைகள் வந்து பெரிய சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கிறார்கள். பெரியவர்கள் ஈய எழுத்துக்களைக் கையில் எடுத்துப் பார்க்கிறார்கள். ஆனால் நடுவே இருக்கிற அந்தக் கறுத்த உருளைகளை, நாம் ரோலர் என்று சொல்கிறோமே, அவற்றை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. ஆகவே இன்று ரோலரைப் பற்றியே பேசலாம் என்று வந்திருக்கிறேன். "சாமியாருக்கு வேறு பொருள் கிடைக்கவில்லையா?" என்று எண்ணாதீர்கள். இறுதியில் நம்மைப் பற்றியேதான் பேசப்போகிறேன்.

ஜெர்மனியில் மைன்ஸ் நகரில் கூட்டன்பர்க் என்பவர் 1455-ஆம் ஆண்டளவில் விவிலியத்தை அச்சிட்டு முடித்தார் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் அந்த எழுத்துக்களின்மேல் மை எப்படி ஏறியது? அன்று ரோலர் கிடையாது. தோலைப் பந்துபோல் தைத்து, உள்ளே கம்பளி மயிரையோ குதிரை மயிரையோ திணித்து, மரக் கைப்பிடி போட்டு வைத்திருப்பார்கள். ஒரு கைக்கு ஒன்றாக இரண்டு மைப் பந்துகள். அவற்றில் மையைத் தொட்டு, ஒன்றோடொன்று தேய்த்துப் பரப்பி, பிறகு எழுத்துக்களின்மேல் தட்டித் தட்டி மை ஏற்றுவார்கள். மை ஏற்ற ஓர் ஆள், அச்சுத்திருகை இழுக்க ஓர் ஆள் என்று இருவர் வேண்டும். அச்சு வேலையில் பாதி உழைப்பு மை பூசுவதற்கே போயிற்று.

நம் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகமும் அந்தக் காலத்துப் பிறவியே. 1578-ஆம் ஆண்டு கொல்லத்தில் இயேசு சபைக் குரு என்றீக் அடிகளார் வெளியிட்ட "தம்பிரான் வணக்கம்" பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். முத்துக்குளித்துறை மக்களுக்காக உழைத்த அடிகளார் நம் தமிழில் மறைக்கல்வியைத் தந்த அந்தப் பதினாறு பக்கங்களுக்கும், அக்காலத்து எல்லா அச்சகங்களையும் போலவே, யாரோ ஒருவர் கையால் தட்டித்தான் மை ஏற்றியிருக்க வேண்டும். அவருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஆண்டவருடைய ஏட்டில் இருக்கும் என்று நம்புகிறேன்.

ஏறக்குறைய மூன்றரை நூற்றாண்டுகள் இப்படியே சென்றன. கையால் இயக்கும் அச்சில் மணிக்கு இருநூறு, இருநூற்றைம்பது தாள்களுக்குமேல் போக முடியவில்லை. பிறகு பிரடெரிக் கோனிக், ஆண்ட்ரியாஸ் பாயர் என்னும் இரு ஜெர்மானியர் லண்டனில் நீராவியால் ஓடும் அச்சு இயந்திரத்தைச் செய்தார்கள். 1814-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் "டைம்ஸ்" செய்தித்தாள் அதில் அச்சாகி வெளிவந்தது. மணிக்கு 1,100 தாள்கள்! உலகமே வியந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இயந்திரம் இவ்வளவு வேகமாக ஓடும்போது பக்கத்தில் ஒருவர் நின்று பந்தால் தட்டிக்கொண்டிருக்க முடியுமா? மையும் தானாகவே பரவவேண்டும். அதற்கு உருளை வேண்டும். முதலில் உருளைக்குத் தோலைச் சுற்றினார்கள். தோலைச் சுற்றினால் தையல் வரும். தையல் வந்த இடத்தில் மை சரியாகப் பிடிக்காது. தாளில் கோடு விழும். இங்கிலாந்தில் ஸ்டான்ஹோப் பிரபு பெரும் பொருள் செலவிட்டுப் பார்த்தும் இந்தக் குறை நீங்கவில்லை.

கடைசியில் தீர்வு வந்தது எதிலிருந்து தெரியுமா? வச்சிரப் பசையிலிருந்தும் சர்க்கரைப் பாகிலிருந்தும்! தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் அதே வச்சிரத்தைப் பாகோடு சேர்த்துக் காய்ச்சி வார்த்தால், ரப்பரைப் போல் மெதுவான, தையலே இல்லாத உருளை கிடைக்கும். 1813-ல் டான்கின், பேக்கன் என்னும் இருவர் காப்புரிமை பெற்ற இயந்திரத்தில் இப்படிப்பட்ட ரோலரைப் பயன்படுத்தினார்கள். 1818-ல் எட்வர்டு கூப்பர் என்பவர் மையைப் பரப்பும் முறைக்கே ஒரு காப்புரிமை பெற்றார். அச்சுக்கலையில் பெரிய மாறுதலை உண்டாக்கியது சமையற்கட்டுச் சரக்கு என்றால் மிகையாகாது.

கத்தோலிக்கராகிய நமக்கு இதில் இன்னொரு செய்தியும் உண்டு. கோனிக்கும் பாயரும் 1817-ல் வூர்ஸ்பர்க் நகருக்கு அருகே ஓபர்செல் என்னும் ஊரில் தொழிற்சாலை தொடங்கினார்கள். அது புனித நார்பர்ட் சபைத் துறவிகளின் பழைய மடம். அரசு அதைப் பறித்துக்கொண்டதால் துறவிகள் வெளியேறியிருந்தனர். செபம் ஒலித்த சுவர்களுக்குள் அச்சு இயந்திரங்கள் உருவாயின. 1901-ல் தொழிற்சாலை வேறிடம் போக, பிரான்சிஸ்கன் அருட்சகோதரிகள் அந்த மடத்தை வாங்கினார்கள். மீண்டும் அங்கே செபம் ஒலித்தது. இறைவனுடைய வழிகள் எவ்வளவு விந்தையானவை!

இனி, மை எப்படிப் பரவுகிறது என்று பார்ப்போம். பெரிய சிலிண்டர் மிஷினில் மைத்தொட்டி ஒன்று இருக்கும். அதில் கெட்டியான மை. தொட்டியின் விளிம்பில் ஓர் இரும்புத் தகடு. தகட்டைத் தள்ளவும் இழுக்கவும் வரிசையாகத் திருகுகள். தொட்டி உருளையில் ஒட்டி வரும் மையை இன்னொரு ரோலர் அவ்வப்போது தொட்டு எடுத்து மைப்பலகையில் கொண்டுபோய் விடும். அங்கே மை ஒரு பட்டையாக, திட்டாக இருக்கும். அதை அப்படியே எழுத்தின்மேல் விட்டால் ஒரு பக்கம் அப்பிவிடும், மறுபக்கம் வெளிறிவிடும். ஆகவே நடுவில் பரப்பும் ரோலர்கள் உண்டு. அவை பலகையின்மேல் நேராக இல்லாமல் சற்றுச் சாய்வாகக் கிடக்கும். பலகை முன்னும் பின்னும் ஓடும்போது அவை சுழல்வதோடு பக்கவாட்டிலும் நழுவும். அந்த நழுவலில்தான் மை இடமிருந்து வலமாக, மூலை முடுக்கெல்லாம் பரவுகிறது. அதற்குப் பிறகே எழுத்தைத் தொடும் ரோலர்கள் மையை ஏற்றுக்கொண்டு பாரத்தின்மேல் உருளும்.

நம் டிரெடிலில் ஏற்பாடு இன்னும் எளிது. மேலே வட்டமான மைத்தட்டு இருக்கிறது. ஒவ்வொரு தாள் அச்சாகும்போதும் அது கொஞ்சம் திரும்பும். ரோலர்கள் மேலேறித் தட்டைத் தடவி, கீழிறங்கி எழுத்தைத் தடவும். தட்டு திரும்பிக்கொண்டே இருப்பதால், ஒரே இடத்தில் மை தங்குவதில்லை.

தாளின் ஒரு மூலையில் எழுத்து வெளிறி விழுந்தால் புதிதாகத் தொழில் பழகுகிறவன் என்ன செய்வான்? "மை போதவில்லை" என்று இன்னும் மை போடுவான். போட்டால் என்ன ஆகும்? ஏற்கெனவே நன்றாக விழுந்த பக்கத்தில் மை அப்பி, 'ண', 'ணை', 'ஐ' போன்ற எழுத்துக்களின் சுழிகள் அடைத்துப் போகும். வெளிறிய மூலை வெளிறியேதான் இருக்கும். அனுபவசாலி மையைத் தொடமாட்டார். மிஷினை நிறுத்தி ரோலரைப் பார்ப்பார். ரோலர் ஒரு முனையில் தூக்கியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா, மழையில் ஈரம் குடித்து ஊதியிருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார்.

விரலால் தொட்டுப் பார்ப்பது என்றேனே, அதை நான் கற்றுக்கொண்ட கதையைச் சொல்ல வேண்டும். நான் குருமாணவனாக இருந்தபோது ஒரு கோடை விடுமுறையில் ஓர் அச்சகத்துக்கு உதவிக்கு அனுப்பப்பட்டேன். அங்கே வயதான மிஷின்மேன் ஒருவர் இருந்தார். எல்லாரும் அண்ணாச்சி என்று அழைப்போம். ஒரு சனிக்கிழமை மாலை கடைசி வேலை முடிந்ததும், ரோலரை மண்ணெண்ணெயால் துடைத்துக் கழற்றி மரப்பெட்டியில் தொங்கவிடும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அவசரம். துடைக்காமல், கழற்றாமல், எழுத்தின்மேலேயே அழுந்தி நிற்கும்படி விட்டுவிட்டுப் போய்விட்டேன். அது வைகாசி மாதம். மேற்கு சன்னல் திறந்திருந்தது. திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், ரோலர் ஒரு பக்கம் தட்டையாகி, வெயிலில் இளகித் தொய்ந்து, எழுத்தின் தடமெல்லாம் அதில் பதிந்து கிடந்தது. அன்று அச்சிட வேண்டியிருந்தது ஒரு புதுக்குருவின் முதல் திருப்பலி அழைப்பிதழ்.

அண்ணாச்சி கோபிக்கவில்லை. "பிரதர், ரோலர் உழைச்சுக் கெட்டுப்போறது கம்மி. நின்ன எடத்துலயே நின்னுதான் கெட்டுப்போகும்" என்றார். பிறகு கெட்ட பகுதியைக் கத்தியால் சீவி எடுத்து, புது வச்சிரத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, இரட்டைப் பாத்திரத்தில், வெளிப் பாத்திரத்தில் வெந்நீர் கொதிக்க, உள்ளே மெல்லக் காய்ச்சினார். நேரடி நெருப்பில் வைத்தால் கருகிவிடும். பாகு சேர்த்துக் கிளறி, எண்ணெய் தடவிய குழாய் அச்சில் நடுக்கம்பியை நிறுத்தி, காற்றுக் குமிழி விழாமல் ஒரே தாரையாக ஊற்றினார். இரவெல்லாம் ஆறவிட்டு மறுநாள் உருவி எடுத்தோம். உடனே ஓட்டக் கூடாது, பதப்பட வேண்டும் என்று இன்னொரு நாளும் காத்திருந்தோம். இரண்டு நாள் வேலை என்னால் கெட்டது. அதற்கு அவர் முதலாளியிடம் என் பெயரைச் சொல்லவில்லை. இன்று ஆஃப்செட் வந்து, ரப்பர் ரோலர்கள் வந்து, வச்சிர ரோலரை நம் பிள்ளைகள் கண்டதில்லை. ஆனாலும் எத்தனை புது இயந்திரம் வந்தாலும், மையைப் பரப்பும் ரோலர் இல்லாமல் ஆஃப்செட்டும் ஓடாது.

அன்பார்ந்தவர்களே, திருத்தூதர் பணிகள் நூலின் ஆறாம் அதிகாரத்தை நினைத்துப் பாருங்கள். ஆதித் திருச்சபையில் எல்லாம் பொதுவாக இருந்தது. அன்றாடம் உணவு பகிரப்பட்டது. ஆனாலும் கிரேக்க மொழி பேசிய கைம்பெண்களுக்குப் பங்கு சரியாகப் போய்ச் சேரவில்லை என்று முறையீடு எழுந்தது. திருத்தூதர்கள் "இன்னும் அதிகம் திரட்டுவோம்" என்று சொல்லவில்லை. பகிர்ந்து கொடுக்க எழுவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். குறை சரக்கில் இல்லை, பகிர்வில் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

நம் பங்கில் என்ன நிலை? இந்தப் பொன்விழாவுக்கென்று என் வீடு சந்திப்புக் குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களுக்கு ஆண்டுதோறும் போயிருக்கிறேன். தண்டவாளத்துக்கு அப்பால் உள்ள குடியிருப்புக்கு நான்கு ஆண்டுகளில் ஒரே முறை. அங்கிருந்து ஒரு பாட்டி திருவிழாவன்று என்னிடம், "சாமி, எங்க பக்கம் நன்மை கொண்டு வரமாட்டீங்களா? என்னால நடக்க முடியல" என்று கேட்டார்கள். "வருகிறேன்" என்றேன். மூன்று முதல் வெள்ளிகள் கடந்தன. நான்காவது வெள்ளிக்கு முன் அவர்களுக்கு மரண மணி அடித்தோம். நற்கருணையும் நோயில்பூசுதலும் பெறாமலே அவர்கள் போனார்கள். நம் பங்கில் குருவுக்குப் பஞ்சமா? நற்கருணைக்குப் பஞ்சமா? இல்லை. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். இதை உங்கள் முன் சொல்லாமல் பொன்விழாத் திருப்பலி நிறைவேற்ற என் மனம் இடம் தரவில்லை. அவர்கள் மக்கள் இங்கே அமர்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆகவே பங்குப் பேரவையோடு கலந்து இரண்டு முடிவுகள் செய்திருக்கிறோம். ஒன்று, இனி முதல் வெள்ளி நோயாளர் சந்திப்பு தண்டவாளத்துக்கு அப்பாலிருந்து தொடங்கும்; கோவில் தெரு கடைசியில் வரும். இரண்டு, பொன்விழாக் கல்வி நிதியைப் பகிர ஏழு பேர் கொண்ட குழு அமையும். அதில் மூவர் அந்தக் குடியிருப்பிலிருந்தே வருவார்கள். நிதி குறைவு என்று சிலர் சொல்கிறீர்கள். நிதியைப் பெருக்குவதைப் பிறகு பார்ப்போம். இருப்பது முதலில் மூலைக்குப் போய்ச் சேரட்டும்.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது, ஏதாவது ஒரு பக்கத்தின் கடைசி வரியை உற்றுப் பாருங்கள். முதல் வரியைப் போலவே அதுவும் கறுப்பாக விழுந்திருந்தால், கண்ணில் படாத ஏதோ சில ரோலர்கள் தம் கடமையைச் செய்திருக்கின்றன என்று அறிந்துகொள்ளுங்கள். நம் பங்கின் அச்சுத் தொழிலாளர் குடும்பங்களுக்கும், கைகளில் மைக் கறையோடு கோவிலுக்கு வந்து செபித்து மறைந்த நம் முன்னோர்களுக்கும் இந்த உரையைக் காணிக்கையாக்குகிறேன்.

எல்லாம் வல்ல இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக! மரியே வாழ்க!