மாத்திரையும் சாயத்தண்ணீரும்

பண்டாரவளையைச் சூழ்ந்த தோட்டங்களிற் கருவுற்ற தாய்மாருக்கு, இரத்தசோகை வாராதிருக்கும்பொருட்டுக் கிளினிக்கில் இரும்பு மாத்திரை கொடுக்கின்றனர். இதிலுள்ள பெரசு சல்பேற்று என்னும் உப்பைச் சித்த வைத்தியர் அன்னபேதி என்பர். உலர்ந்த உப்பு 200 மில்லிகிராமில் ஏறக்குறைய 65 மில்லிகிராம் இரும்புண்டு.

மாத்திரையைப் பொடித்து, நீரிற் கரைத்து வடித்து, சோடியம் ஐதரொட்சைட்டுச் சேர்த்தால் பச்சை வீழ்படிவு தோன்றும். காற்றுப்பட அது பழுப்பாகும். இதுவே இரும்பு அயனுக்குச் சான்று. வேறொரு பங்கில் ஐதான ஐதரோகுளோரிக்கமிலமும் பேரியங் குளோரைட்டும் இட, வெண்ணிற வீழ்படிவு சல்பேற்றைக் காட்டும்.

மூன்றாவது சோதனைக்கு ஆய்வுகூடம் வேண்டா. வடிநீரிற் சாயத்தண்ணீரை ஊற்றினால் மைபோற் கறுக்கும். தேயிலையின் துவர்ப்பொருள் இரும்பைப் பற்றிக்கொள்வதே காரணம். வயிற்றினுள்ளும் அவ்வாறே நிகழ்வதால், இரும்பு இரத்தத்திற் சேர்வது குறைகிறது.

ஆகவே, மாத்திரையை நீருடன் விழுங்குக. தேசிக்காய்ச் சாறு இன்னும் நன்று. தேயிலை கொய்யும் தாய்மார் தேநீரைத் துறக்கவேண்டியதில்லை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் 1 மணி நேரம் பொறுத்தாற் போதும்.